அத்தையின் சேவலும் நகரசபை நோட்டீசும்

என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருசம் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் முட்டை. அவித்தது, பொரித்தது, வெங்காயம் போட்டு வறுத்தது, சில நாள் சோற்றுக்குள் புதைத்து வைத்தது. உங்களில் ஒருத்தி எனக்கு ‘முட்டை’ என்றே பேர் வைத்தாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கண்டி வாவிக்கரையில் என்னைக் கண்டால் அப்படித்தான் கூப்பிடுகிறாள். எனக்குக் கோபமில்லை, சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்த முட்டைகளுக்குப் பின்னால் எங்கள் வீடு பட்ட பாட்டை உங்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. கோழி வளர்ப்பதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. டவுன் எல்லைக்குள் நினைத்தபடி கோழி வளர்க்க முடியாது, அதற்கு நகரசபைச் சட்டம் இருந்தது. இன்றைக்கும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீடு ரயில் பாதைக்கு மேலே, சரிவில் இருந்தது. தெருவிலிருந்து படியேறி வர வேண்டும். முன்னால் சின்ன விறாந்தை, பின்னால் அடுப்பெரியும் குசினி. குசினிக் கதவைத் திறந்தால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம், அதற்கப்பால் பாசி பிடித்த மண்மேடு. மேட்டுக்கு மேலே, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களவரின் தோட்டம். அவரை நாங்கள் மேல்வீட்டு மாத்தையா என்போம், சிங்களத்தில் ஐயா மாதிரி. பதுளை லைனில் ஓடி ஓடிப் பழகிய தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

அப்பா பேராதனையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்து, அங்கிருந்து கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். காலையில் சப்பாத்தை மினுக்கிப் போட்டுக்கொண்டு, படியில் சேறு படாமல் ஓரம் ஓரமாகக் கால் வைத்து இறங்குவார். அவருடைய வெள்ளைச் சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பாள்.

அந்த வருசம் தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் தோட்டத்தில் மாமா இறந்துபோனார். அப்பாவின் ஒரே அக்காவின் புருசன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தைக்கும் வேலைக்குப் போகிற வயது கடந்துவிட்டிருந்தது. அவர்கள் இருந்த காம்பராவில் தோட்ட நிர்வாகம் வேறு குடும்பத்தைப் போடப் போகிறது என்று கேள்விப்பட்டதும் அப்பா போய், “அக்கா, நீ நம்ம வீட்டுக்கு வந்துரு” என்று கூப்பிட்டுவிட்டு வந்தார்.

பங்குனியில் அத்தை வந்தாள். குட்செட் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கையில் ஒரு தகரப் பெட்டி, தலையில் ஒரு பெரிய கூடை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கால் கூடையை மூடியிருந்தாள். சாக்குக்குள்ளிருந்து கொக் கொக் என்று சத்தம் வந்தது.

“நாலஞ்சு பொட்டையும் ஒரு சேவலும் தம்பி. விட்டுட்டு வர மனசு வரல” என்றாள்.

அப்பா தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாதான், “இத எதுக்கு மதினி தூக்கிட்டு வந்தீங்க, இங்க எங்க வைக்கிறது?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துக் கூடைக்குள் வைத்தாள்.

கண்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு உயிருள்ள கோழியை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஈரச் சாக்கும் இறகும் சேர்ந்த ஒரு வாசனை. சேவலின் பச்சைக் கறுப்பு வால். சாம்பல் நிறப் பெட்டை ஒன்று அரிசியைத் தின்னாமல் முதலில் தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்க்கும். விடிகாலைப் பனிமூட்டம் முற்றத்தை மூடியிருக்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், வைக்கோலுக்குள் விட்டு, “தொட்டுப் பாரு பாப்பா” என்பாள். முட்டை சூடாக இருக்கும். வெளியில் விரல் விறைக்கிற குளிர், உள்ளங்கையில் மட்டும் ஒரு சின்ன அடுப்பு.

அத்தை விறாந்தை அறையில் என் பக்கத்தில்தான் படுத்தாள். தேயிலைச் சாயம் ஏறி வெடித்த விரல்கள், வெற்றிலையும் தேங்காயெண்ணெயும் கலந்த மணம். பகலில் அவளுடைய குரலே கேட்காது. கதிரை காலியாக இருந்தாலும் குசினிக் கதவோரம் பலகையில் உட்காருவாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு கொஞ்சமாகப் போட்டுக்கொள்வாள். அம்மா இன்னும் ஒரு அகப்பை வைக்கப் போனால், “பசிக்கல” என்று கையால் தட்டை மறைப்பாள். கோழிகளோடு மட்டும்தான் வாயோயாமல் பேசினாள். முட்டைகளை முந்தானையில் ஏந்திக் கொண்டுவந்து அம்மாவின் சுளகில் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவாள்.

சித்திரை வருசப்பிறப்பு முடிந்த கையோடு அப்பாவின் அலுவலகத்துப் பெரிய கிளார்க் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு அது பெரிய காரியம். கதிரைகளுக்குப் புது உறை போட்டு, அலுமாரியிலிருந்த பூப்போட்ட கோப்பைகளை எடுத்து வைத்திருந்தோம். பலகாரத் தட்டு வைத்து எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சாம்பல் பெட்டை குசினி வழியாக நிதானமாக நடந்து வந்தது. பெரிய கிளார்க்கின் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்து, எச்சமிட்டது. பின்னால் சேவல் ஜன்னல் கட்டையில் ஏறி நின்று கூவியது.

“என்னப்பா, இது டவுனா தோட்டமா?” என்று அவர் சிரித்தார்.

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவருடைய மனைவி கோழியை அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உதடு மட்டும் விரிந்து, காது மடல் சிவந்திருந்தது. அவர்கள் போன பிறகு அப்பா சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். அத்தை ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அன்றிலிருந்து அப்பா முட்டை சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். வயிற்றுக்குச் சரிப்படவில்லை என்றார்.

அதற்குப் பிறகு புத்தரின் வெசாக் பண்டிகை நெருங்கியது. உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் நம் சரிவு முழுக்க மூங்கில் சீவும் சத்தமாக இருக்கும். மேல்வீட்டு மாத்தையா வருசா வருசம் தன் கையால் வெசாக் கூடு கட்டுவார், உள்ளே விளக்கு வைக்கிற காகிதக் கூடு. எண்கோணமாய், நாலு பக்கமும் வால் வைத்து, எண்ணெய்க் காகிதம் ஒட்டி. தனக்கு ஒன்று கட்டினால் எனக்கும் ஒன்று சின்னதாகக் கட்டி, மேட்டிலிருந்து கயிற்றில் இறக்கிக் கொடுப்பார். நாங்கள் பௌத்தர்கள் இல்லை என்பதெல்லாம் அந்தக் கூட்டுக்குத் தெரியாது. எங்கள் விறாந்தையிலும் அது எரியும்.

அந்த வருசம் கூடு வருவதற்கு முன் நோட்டீஸ் வந்தது. நகரசபைச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தையா, மோட்டார் சைக்கிளைத் தெருவில் நிறுத்திவிட்டுப் படியேறி வந்தார். இளம் வயது, மரியாதையான ஆள். முற்றத்தை எட்டிப் பார்த்தார். சேவல் இறக்கையை விரித்துக்கொண்டு அவரை நோக்கி ஓடியது, இரண்டடி பின்னால் போனார். முறைப்பாடு வந்திருக்கிறது, சட்டப்படி கோழிகளை அகற்ற வேண்டும், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து பார்ப்பேன் என்று சொல்லி, நோட்டீசை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

“யாரு சொல்லியிருப்பா?” என்றாள் அம்மா. அவளே மேட்டைப் பார்த்தாள். எங்கள் முற்றத்தைப் பார்க்க முடிந்த வீடு அது ஒன்றுதான். சேவல் கூவினால் முதலில் கேட்பதும் அந்த வீட்டுக்குத்தான்.

அப்பா மாலையில் வந்து நோட்டீசை வாசித்தார். “சட்டம்னா சட்டந்தான். என்ன செய்றது” என்றார். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடியே சொன்னார்.

மேல்வீட்டு மாத்தையா எனக்கான கூட்டை இறக்கியபோது அம்மா கயிற்றைப் பிடித்து அப்படியே மேலே ஏற்றச் சொன்னாள். “பிள்ளைக்கு வேணாங்க.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கயிறு மெல்ல மெல்ல மேலே போனது. மஞ்சளும் சிவப்புமான கூடு, ஒரு வால் மண்மேட்டில் உரசிக் கிழிந்தது. நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். அந்த வெசாக்கில் சரிவெல்லாம் வெளிச்சம், எங்கள் விறாந்தை மட்டும் இருட்டு.

அத்தை சத்தம் போடவில்லை, அழவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க மதினி?” என்றாள் அம்மா.

“தோட்டத்துல எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் வீடு இருக்குல்ல. அங்க போய் இருந்துக்கிறேன். ஒங்களுக்கும் எதுக்கு கரைச்சல்.”

“கோழிய யாருக்காவது குடுத்துருவோம். அதுக்காக நீங்க ஏன் போறீங்க?”

“போகட்டும் விடு” என்றாள் அத்தை. பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

அம்மா அப்பாவிடம் சண்டை போட்டாள். “ஒங்க அக்காதானே, ஒரு வார்த்த போகாதன்னு சொல்லுங்க” என்று கெஞ்சினாள். அப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே போனார். கல்நெஞ்சன் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தை போகவிருந்த நாளுக்கு முந்தின பின்னேரம் மழை. ஓட்டிலிருந்து முற்றத்தில் தாரை தாரையாக ஊற்றியது. கோழிகள் குசினிக்குள் வந்து விறகுக்குப் பக்கத்தில் ஒண்டி நின்றன. சொன்னபடி பி.எச்.ஐ. மாத்தையா நனைந்துகொண்டு வந்தார். அம்மா அவருக்கு விறாந்தையில் கதிரை போட்டாள். அப்போது வாசலில் கறுப்புக் குடையோடு மேல்வீட்டு மாத்தையாவும் வந்து நின்றார்.

“இந்த அக்கா போறதுன்னு கேள்விப்பட்டேன்” என்றார் அவர். “கோழிய யாருக்கும் குடுக்கலன்னா, எனக்குக் குடுங்க. நான் நல்லா பாப்பேன்.”

அம்மா அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. “முறைப்பாடும் குடுப்பீங்க, கோழியும் கேப்பீங்களா? இவங்க போறதே ஒங்களாலதானே! ஒங்க கையால சோறு போட்ட கோழியவே காட்டிக் குடுத்தீங்களே!” என்றாள். மிச்சச் சோற்றையும் தேங்காய்ப் பூவையும் அவர் மேட்டிலிருந்து போடுவார், அதைத்தான் சொன்னாள்.

மேல்வீட்டு மாத்தையா குடையை மடக்கினார். “நானா? நான் ஒண்ணும் சொல்லலையே.”

பி.எச்.ஐ. மாத்தையா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். “இல்ல இல்ல அம்மா. இவர் ஒண்ணுமே சொல்லல. வீண் பழி” என்று தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னார். “ஒங்க வீட்டு மாத்தையாதானே ஆபிசுக்கு வந்து சொன்னது. கோழி கரைச்சல், நோட்டீஸ் ஒண்ணு குடுங்கன்னு.”

அப்பா வேலை முடிந்து அப்போதுதான் படியேறி வந்திருந்தார். மேல்வீட்டு மாத்தையாவுக்குப் பின்னால், சட்டை உடம்போடு ஒட்டி, மழையில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஓட்டுத் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

“தம்பி, நீயா?” என்றாள் அத்தை.

அப்பா தலையைக் குனிந்தார். “ஒங்கிட்ட நேரா சொல்ல வாய் வரலக்கா. சட்டம் சொன்னா ஒனக்கு மனசு வருத்தம் இருக்காதுன்னு நெனச்சேன். நீயே கெளம்புவேன்னு நெனைக்கல.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே அந்தச் சேவல அடிச்சுக் கொழம்பு வச்சிருப்பேனே” என்றாள் அத்தை. அவள் குரல் அவ்வளவு உரத்து வந்து நான் கேட்டதே இல்லை. பிறகு குரல் இறங்கியது. “ஒண்ணு மட்டும் சொல்லு. கோழிய வேணாம்னியா, என்னயவும் சேத்து வேணாம்னியா?”

“கோழி மட்டுந்தாக்கா” என்றார் அப்பா. “நீ போவக் கூடாது. நீ பொட்டி கட்டின நாள்லருந்து எனக்குச் சோறு எறங்கல.”

அத்தை அந்தத் தகரப் பெட்டி மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்படியா” என்றாள். “அப்படியா. நான் என்னென்னமோ நெனச்சுச் செத்துட்டேனே.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சும்மா ஒக்காந்து தின்னா தொண்டையில எறங்காதேன்னுதான்டா அதுகளத் தூக்கிட்டு வந்தேன். நாலு முட்டையாவது இந்த வீட்டுக்குக் குடுக்கலாம்னு.”

“அதுக்குத்தான் தினமும் பசிக்கல பசிக்கலன்னீங்களா?” என்று அம்மா கேட்டாள். கேட்டவள் அப்படியே அழுதுவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

இப்போது நினைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு அன்றைக்கு என் இளைய மகனின் வயதுகூட இருந்திருக்காது. சின்னப் பையன்தான். அக்காவின் மனசு நோகாமல் ஒரு காரியத்தை முடிக்கப் போய், நகரசபையையே வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டார். அந்தச் சேவல் கூவும்போதெல்லாம் அவருக்கு லயத்து விடியல் கேட்டிருக்கும். அதைவிட்டு ஓடி வந்தவர் அல்லவா? கல்நெஞ்சன் என்று நாங்கள் நினைத்த அந்த நாட்களில் அவர் பட்டினி கிடந்திருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தை பட்டினி, அப்பா பட்டினி. இடையில் நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு முட்டை கொண்டுபோயிருக்கிறேன்.

பி.எச்.ஐ. மாத்தையாதான் முதலில் தொண்டையைச் செருமினார். கோழியே வளர்க்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை, வீட்டோடு ஒட்டி வளர்க்கக் கூடாது, தள்ளி ஒரு கூடு கட்டி, கம்பி வலை அடித்து, சுத்தமாக வைத்திருந்தால் நாலைந்து பெட்டைகள் இருக்கலாம், சேவல் மட்டும் வேண்டாம் என்று விளக்கினார். அப்பா முற்றத்தைப் பார்த்தார். அங்கே தள்ளி என்று ஓர் இடமே இல்லை.

“என் தோட்டத்துல இடம் இருக்கு” என்றார் மேல்வீட்டு மாத்தையா. “பலாமரத்துக்குக் கீழ. நான் கட்டித் தாறேன். வெசாக் கூடுன்னா என்ன, கோழிக் கூடுன்னா என்ன? எங்க பாஷையிலயும் ரெண்டும் கூடுதான்.”

அம்மா குசினிக்குள் போனாள். அவளுடைய மன்னிப்பு பிளேன்டீயாகத்தான் வந்தது, பெரிய துண்டுக் கித்துள் கருப்பட்டியோடு, பூப்போட்ட கோப்பையில். அதை இரண்டு கையாலும் பிடித்து மேல்வீட்டு மாத்தையாவிடம் நீட்டினாள். அவர் வாங்கி, ஒரு வாய் குடித்து, “சீனி போடாம இருந்தது நல்லது” என்றார். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. பி.எச்.ஐ. மாத்தையாவுக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அவர் கால்களைக் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு குடித்தார். சேவல் குசினிக்குள் விறகுக்குப் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அத்தை தானாகவே தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அப்பா பொரித்த முட்டை தின்றார். அம்மா எங்கள் எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூக்கம் சொக்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலாமரத்தடியில் கூடு எழும்பியது. மூங்கிலை மாத்தையா சீவ, அப்பா பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பி வலையை இழுத்து ஆணி அடித்தார். எனக்குத் தெரிந்து அப்பா சாரத்தோடு வீட்டுக்கு வெளியே நின்றது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கத்தி பிடிக்க, முடிச்சுப் போட, எல்லாம் தெரிந்திருந்தது. அத்தை மேட்டில் நின்று, “இன்னும் கொஞ்சம் ஒசரமா வை, கீரி வரும்” என்று கட்டளை போட்டாள். அந்தக் கூட்டின் கதவுக்கு மேலே எண்கோணமாக ஒரு சின்ன ஜன்னல் வைத்தார் மாத்தையா. எதற்கு என்று அத்தை கேட்டாள். “காத்துக்கு” என்றார். சும்மா அழகுக்குத்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அத்தை எங்களோடு கடைசிவரை இருந்தாள். நான் கல்யாணம் முடித்துப் பிலிமத்தலாவைக்குப் போன பிறகும் முட்டை வந்துகொண்டிருந்தது. அதெல்லாம் பின்கதை. எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது சேவலை வழியனுப்பிய காலைதான்.

மடுல்கெல்ல பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் எங்கள் தோட்டத்துக்காரர். சேவலை அத்தையின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார். அப்பா வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அத்தையும் நானும் கூடப் போனோம். வெள்ளைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, கக்கத்தில் காலைக் கட்டிய சேவல். அப்படித்தான் அப்பா குட்செட் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தார். அது அவருடைய பாக்கெட்டைக் கொத்திக்கொண்டே வந்தது. காலை நேரம், ஆபிஸ்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரிசை வரிசையாக நின்றார்கள்.

கண்டக்டர் அத்தையைக் கண்டதும், “அக்கா, வாங்க வாங்க, முன் சீட்ட புடிச்சு வச்சிருக்கேன்” என்று கூப்பிட்டார். அத்தை போவதாக ஊருக்கு முதலில் சேதி போயிருந்தது. போகவில்லை என்ற சேதி போயிருக்கவில்லை. சேவலோடு அவளும் வருகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார்.

அத்தை பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

“அக்கா வரல!” என்றார். பஸ் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “அக்கா எங்க வீட்டுலதான் இருக்கும். சேவல் மட்டுந்தான் தோட்டத்துக்கு!”

கண்டக்டர் சேவலை வாங்கி முன் சீட்டில் வைத்தார். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு திரும்பியது. ஜன்னலுக்குள்ளிருந்து அது கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சட்டையில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. அத்தை அதை எடுக்கக் கை நீட்டினாள். “இருக்கட்டும்க்கா, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு, அதோடேயே அவர் பேராதனை பஸ்ஸுக்கு ஓடினார்.